டக்ட் டேப்புக்கு ஒரு ரேஸ்

மாப்ள,

பால் காய்ச்சுன போட்டோ எல்லாம் பாத்தேன்டா. வீடு ஜம்முனு வந்திருக்கு, மாடிப்படிக்குக் கீழ அலமாரி அடிச்சது கண்டிப்பா தங்கச்சி ஐடியாவாத்தான் இருக்கும், உனக்கு அவ்ளோ மூளை கிடையாது. அப்பாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு சொட்டு மருந்து வேளாவேளைக்கு விடுறீங்களான்னு இவ கேக்கச் சொன்னா. இங்க ஏதோ ஓடுது. ஆபீஸ்ல மறுபடி ஆள் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு, பையன் ஒன்பதாவது வந்துட்டான், என்னைய விட உசரம், ஆனா வாயத் தொறந்து பேசுறது நாளைக்கு நாலு வார்த்தை.

சரி, போன மெயில்ல நக்கலா கேட்டியே, "முட்டி தேஞ்ச வயசுல பனியில பலகையக் கட்டிக்கிட்டு உருளுறதுல என்னடா தத்துவம் வேண்டிக் கெடக்கு"ன்னு. போன்ல சொன்னா சிரிச்சே கட் பண்ணிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமா போகும், டீ போட்டுக்கிட்டு படி.

நான் பண்றது ஸ்னோபோர்டு, ரெண்டு காலையும் ஒரே பலகையில மாட்டிக்கிட்டு பனிச்சரிவுல எறங்குற விளையாட்டு. அதுக்கு நான் போற மலை பேர் மவுண்ட் பேக்கர். சியாட்டில்ல இருந்து வடக்க ஒரு மூணு மணி நேரம், கனடா பார்டர்கிட்ட, 542ன்னு ஒரு ரோடு காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு ஏறிப் போய் அங்கயே முடிஞ்சிரும். மேல ஹோட்டல் கிடையாது, ஷாப்பிங் கிடையாது, கீழ கிளேசியர்னு ஒரு குட்டி கிராமம், அவ்ளோதான். ஆனா பனி கொட்டும் பாரு, 1998-99 சீசன்ல மட்டும் 1,140 இஞ்ச் விழுந்துச்சு, 29 மீட்டர் கிட்ட வருது, ஒரே சீசன்ல அளந்ததுல உலக ரெக்கார்டு அதான். இந்தப் பக்கத்து மத்த பெரிய மலை பலதும் ஸ்கி மலைகள வாங்கிப் போடுற பெரிய கம்பெனிங்க கைக்குப் போயிருச்சு, ஸ்டீவன்ஸ் பாஸை 2018ல வெய்ல் கம்பெனி வாங்கிருச்சு, அதே வருஷம் கிரிஸ்டல் மலையை ஆல்டெரா வாங்கிருச்சு. பேக்கர் இன்னும் லோக்கல் ஆளுங்க கையில ஓடுது.

அங்க 1985ல இருந்து ஒரு ரேஸ் நடக்குது, லெஜெண்டரி பேங்க்ட் ஸ்லாலம்னு பேரு. தண்ணி ஓடி இயற்கையா உண்டான ஒரு பள்ளம், ரெண்டு பக்கமும் சுவர் எழும்பி நிக்கும், அந்தச் சுவர்மேல ஏறி எறங்கி ஏறி எறங்கி வழி காட்ட நட்டு வச்ச ஒவ்வொரு கேட்டா சுத்தி கீழ வரணும். மொத வருஷம் ஜெயிச்சது டாம் சிம்ஸ், ஸ்கேட்போர்டு உலகத்துல பெரிய கை, 1963லயே ஸ்கூல் மரவேலை கிளாஸ்ல பனிக்குன்னு பலகை செஞ்ச ஆளு. ஜெயிச்சா என்ன தருவாங்கன்னு கேளு. தங்கக் கலர் அடிச்ச ஒரு டக்ட் டேப் சுருள், அதான் அந்தக் கெட்டியான ஒட்டு டேப்பு! அந்தக் காலத்துல பூட்ஸு, பூட்ஸ பலகையோட பிடிக்கிற பைண்டிங்கு எல்லாம் பாதி மலையில பிஞ்சு போயிரும், டேப்ப சுத்தி ஒட்டித்தான் மறுபடி எறங்குவாங்க, அதையே பரிசா வச்சுட்டாங்க. இத்தனை வருஷம் ஆச்சு, ஒலிம்பிக்ல ஆடுறவங்க வர்றாங்க, பத்து வயசுப் பசங்களும் வர்றாங்க, தாத்தாமாருக்குன்னு தனி பிரிவு இருக்கு, எல்லாரும் அதே பள்ளத்துல எறங்கி அதே டேப்புக்குத்தான் போட்டி போடுறாங்க. எனக்கு இந்த விளையாட்டு மேல மரியாதை வந்ததே அந்த டேப்ப பாத்துத்தான்.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, 1965 கிறிஸ்துமஸ் அன்னைக்கு மிச்சிகன்ல ஷெர்மன் பாப்பன்னு ஒருத்தர், வீட்ல பிள்ளைங்க போட்ட ஆட்டம் தாங்காம காலுக்கு ஒண்ணா மாட்டுற நீளப் பலகை இருக்குல்ல ஸ்கின்னு, அதுல ரெண்ட சேத்துப் பிணைச்சு குடுத்து வெளிய போய் வெளையாடுங்கன்னு வெரட்டி விட்டுருக்காரு. அவரு பொண்டாட்டி வச்ச பேரு ஸ்னர்ஃபர். முன்னால பிடிச்சுக்க ஒரு கயிறு, கால மாட்ட ஒண்ணும் கிடையாது. அப்புறம் 1977ல வெர்மான்ட்ல ஜேக் பர்ட்டன் ஸ்னோபோர்டு செய்யுற கம்பெனி போட்டாரு. ஆனா ஸ்கி மலைக்காரங்க உள்ளயே விடலடா. மலை மேல தூக்கிட்டுப் போற லிஃப்ட்ல ஏத்த மாட்டாங்க, ராத்திரி மூடுன பிறகு நடந்தே ஏறி எறங்கிருக்காங்க பசங்க. இன்னைக்கும் அமெரிக்காவுல மூணு மலையில ஸ்னோபோர்டு தடை, ஆல்டா, டியர் வேலி, மேட் ரிவர் க்ளென். ஆல்டா மேல 2014ல கேஸே போட்டாங்க, சம உரிமை இல்லையான்னு, 2016ல அப்பீல்லயும் தோத்துட்டாங்க. எனக்கென்னவோ அந்தக் கேஸ் போட்டதே வீண்னு தோணுது. வெளிய தள்ளுனதாலதான் இந்தக் கூட்டத்துக்கு ஒரு குணமே வந்துச்சு, உள்ள விடுங்கன்னு கோர்ட்ல போய் நிக்கிறது அதுக்கு ஒட்டவே இல்ல.

இப்ப நம்ம ஆளு ஒருத்தரைப் பத்தி சொல்லணும். கிரெய்க் கெல்லி. நம்ம ஆளுன்னு ஏன் சொல்றேன்னா அவரும் கெமிக்கல் இன்ஜினியரிங், யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்ல படிச்சுக்கிட்டு இருந்தவரு, பாதியில விட்டுட்டு வந்துட்டாரு, நமக்குத்தான் அந்த தைரியம் வரல. பேக்கர்ல வளந்த ஆளு. நாலு தடவை உலக சாம்பியன், போஸ்டர்ல எல்லாம் அவர் மூஞ்சிதான், காசு கொட்டுது, அந்த நேரத்துல 90கள் ஆரம்பத்துல போட்டியே வேண்டாம்னு நிறுத்திட்டாரு. லிஃப்ட் போகாத மலைக்கு கால்நடையா ஏறி, ஒரு தடவை எறங்கி, அதே போதும்னு வீட்டுக்குப் போனாரு. குடும்பத்தோட வண்டிய எடுத்துக்கிட்டு தென் அமெரிக்கா வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போயிருக்காரு. அப்புறம் கனடாவுல மலை கைடு ஆகணும்னு பயிற்சிக்கு சேந்தாரு, யோசிச்சுப் பாரு, அவரைப் பாத்துதான் உலகமே ஓட்டக் கத்துச்சு, அவரு போய் மறுபடி மாணவனா உக்காந்திருக்காரு. 2003 ஜனவரி 20, ரெவல்ஸ்டோக் பக்கத்துல பனிச்சரிவு வந்து ஏழு பேர் போனாங்க, அதுல அவரும் ஒருத்தர். 36 வயசு.

அவரோட பழைய வீடியோவ பாத்தேன்னா ஒண்ணு புரியும், அவர் பெருசா வித்தை எதுவும் காட்டல. சும்மா திரும்புறாரு. அந்தத் திரும்புறதுலயே எல்லாம் இருக்கு.

ஸ்டைல்னு ஒரு வார்த்தை இவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க, ஆரம்பத்துல எனக்கு எரிச்சலா இருக்கும், பந்தா பண்றானுங்கன்னு நினைச்சேன். மெத்தட்னு ஒரு கிராப் இருக்கு. காத்துல இருக்கும்போது முட்டிய மடக்கி, முன் கையால குதிகால் பக்க விளிம்பப் பிடிச்சு, பலகைய முதுகுக்குப் பின்னால தூக்கி இழுக்கணும், உடம்பு வில்லா வளையும். சுத்தறது கிடையாது, பல்டி கிடையாது. பாயிண்ட்டும் அதுக்கு பெருசா விழாது. ஆனா ஒவ்வொருத்தரும் பண்றது ஒவ்வொரு மாதிரி இருக்கும், தூரத்துல இருந்து பாத்தே யாருன்னு சொல்லிருவாங்க இந்தப் பழைய ஆளுங்க.

அந்த மெத்தட்டால ஒரு தங்கமே போச்சு தெரியுமா. 2006 டுரின் ஒலிம்பிக், பல பேர் ஒண்ணா எறங்கி முந்துற ஸ்னோபோர்டு கிராஸ் ரேஸ் ஃபைனல், அமெரிக்காவோட லிண்ட்சி ஜேகபெல்லிஸ், 20 வயசு, பின்னால யாருமே இல்ல, அவ்ளோ லீடு. கடைசிக்கு முந்தின ஜம்ப்புல இந்தப் பொண்ணு சந்தோஷத்துல மெத்தட் போட்டுச்சு, எறங்கும்போது விளிம்பு மாட்டி விழுந்துருச்சு. ஸ்விட்சர்லாந்து பொண்ணு டான்யா ஃப்ரீடன் தாண்டிப் போய் தங்கம். அமெரிக்காவே திட்டுச்சு, திமிரு, பொறுப்பில்ல, அது இதுன்னு வருஷக்கணக்கா. நான் வேற கட்சிடா. ஃபைனல்ல லீடு இருக்கும்போது சந்தோஷமா இருக்கக் கூடாதுன்னா அது என்னத்துக்கு ஸ்னோபோர்டு, போய் ஆடிட்டிங் பண்ணலாம். அதுக்கப்புறம் மூணு ஒலிம்பிக் போயும் மெடல் கிடையாது. 2022 பெய்ஜிங்ல 36 வயசுல வந்து தங்கம் அடிச்சுச்சு, அந்த ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்கு மொத தங்கமே அதான், பத்தாததுக்கு மிக்ஸ்டு டீம்ல நிக் பாம்கார்ட்னர் கூட இன்னொண்ணு, அவருக்கு வயசு 40. நானும் இவளும் சோஃபாவுல உக்காந்து கத்துனோம், பையன் ரூம்ல இருந்து எட்டிப் பாத்துட்டு போய்ட்டான்.

ஒலிம்பிக் வந்ததே இவங்களுக்குள்ள பெரிய சண்டை. 1998 நாகானோவுல மொத தடவை சேத்தாங்க, ஆனா யாரு போகலாம் வரலாம்னு முடிவு பண்ற உரிமைய ஸ்கி ஃபெடரேஷன் கையில குடுத்துட்டாங்க. நேத்து வரைக்கும் உள்ள விடாதவங்க இன்னைக்கு மொதலாளியான்னு, அப்ப உலகத்துலயே பெஸ்ட்னு பேர் வாங்கிருந்த நார்வேக்காரர் டெரியே ஹாகன்சன் போகவே மாட்டேன்னுட்டாரு. மெடல் விட்டவரு பேக்கருக்கு மட்டும் வந்து அந்த டேப்ப பல தடவை ஜெயிச்சிருக்காரு!

ஒலிம்பிக்க நான் ஒரேயடியா திட்டவும் மாட்டேன். அதே பெய்ஜிங்ல ஸ்லோப்ஸ்டைல் ஃபைனல், ஜம்ப்புல வித்தை காட்டி பாயிண்ட் வாங்குற போட்டி, நியூசிலாந்து பொண்ணு ஸோயி சடோவ்ஸ்கி சின்னட் கடைசியா எறங்குது, அதுவரைக்கும் ஜூலியா மரினோதான் முதல் இடம். ஸோயி கடைசி ஜம்ப்ப எறக்குன உடனே, ஸ்கோர் கூட வரல, ஜூலியாவும் மூணாவதா இருந்த டெஸ் கோடியும் ஓடிப் போய் அவ மேல விழுந்து கட்டிப்புடிச்சு பனியில உருளுறாங்க. தங்கத்தப் பறிச்சவள கட்டிப்புடிக்கிறா! முடிஞ்சா தேடிப் பாரு, தங்கச்சிக்கும் காட்டு.

என் கதைக்கு வரேன். இதுல கத்துக்கிற மொத பாடம் பயத்த எங்க வைக்கிறதுங்கிறதுதான். சரிவப் பாத்தா உடம்பு தன்னால பின்னால சாயும், மலைப் பக்கம். சாஞ்சா முன் காலுல வெயிட் இருக்காது, வெயிட் இல்லைன்னா பலகை திரும்பாது, நேரா பிச்சுக்கிட்டுப் போகும், குத்து வாங்கி உக்காரணும். திரும்பணும்னா பள்ளத்துப் பக்கம் தோளத் திருப்பி முன் காலு மேல ஏறணும், அதாவது எதுக்கு பயப்படுறியோ அதப் பாத்து சாயணும். புத்திக்கு மொத நாளே புரிஞ்சிரும், இடுப்புக்குப் புரிய ஒரு சீசன் ஆகும். எங்க இன்ஸ்ட்ரக்டர், கிண்டர்கார்டன் டீச்சரா இருந்த ஒரு அம்மா, "எங்க பாக்குறியோ அங்கதான் போவ, மரத்தப் பாக்காத"ன்னு மட்டும்தான் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

எனக்கு மலைய விட ஒரு படி மேல புடிக்கிறது வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை. கராஜ்ல பலகைய குப்புறப் போட்டு, இஸ்திரிப் பொட்டி மாதிரி ஒரு சின்ன அயர்ன்ல மெழுகக் காட்டி சொட்டுச் சொட்டா விட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா இழுக்கணும், ஒரே எடத்துல நிறுத்துனா அடிப்பக்கம் வெந்துரும். ஆறுன பிறகு பிளாஸ்டிக் தகட்டால சுரண்டி எடுக்கணும், சுருள் சுருளா வரும், மொத்தத்தையும் சுரண்டிட்டேன்னு நினைக்கும்போது உள்ள எறங்குனது மட்டும் மிஞ்சும். பையன் எப்பவாச்சும் வந்து தகட்ட வாங்கி சுரண்டுவான். அப்ப மட்டும் கொஞ்சம் பேசுவான்டா.

இதெல்லாம் கேட்டுட்டு இவனுங்க என்னமோ சித்தர் கூட்டம்னு நெனச்சிராத. கட்டுப்பாடு இல்லாத வாழ்க்கைன்னு பேசுறவன்தான் விடியக்காலைல பார்க்கிங்குக்கு அடிச்சுக்குறான். காசு இல்லாதவன் பக்கத்துலயே போக முடியாது, பலகை பூட்ஸ் லிஃப்ட் டிக்கெட்டுன்னு சேத்தா நம்ம ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் கொசுறு. "பவுடர் நாள்ல நண்பன்னு எவனும் கிடையாது"ன்னு ஒரு பழமொழி வேற வச்சிருக்கானுங்க, புதுப் பனி விழுந்தா எவனுக்காகவும் நிக்காதன்னு அர்த்தம். பேக்கர்ல அது சுத்தமா தப்பு. பெரிய மரத்தச் சுத்தி பனி இறுகாம லூசா ஒரு கிணறு இருக்கும், கிளை மறைச்சிருக்கும், தலைகுப்புற விழுந்தா தானா வெளிய வர முடியாது, மூச்சு முட்டி நிமிஷக்கணக்குல ஆள் போயிரும். அதனால கூட ஒருத்தர் கண்ணுக்கு எட்டுற தூரத்துலயே இருக்கணும், கழுத்துல விசில் இருக்கணும். எனக்கு ஜோடி ஒரு ரிட்டையர்டு போஸ்ட்மேன், என்னைய விட பெரியவரு, ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. ஒவ்வொரு மரக்கூட்டம் தாண்டுனதும் நின்னு ஒரு கூவு கூவுவாரு, நான் திருப்பிக் கூவுனாத்தான் நகருவாரு. ரேஸுக்கு குலுக்கல்ல வருஷா வருஷம் பேர் குடுக்கிறாரு தாத்தாமார் பிரிவுல, இந்த வருஷமும் விழல, சிரிச்சுக்கிட்டே அடுத்த வருஷத்துக்குன்னு பூட்ஸுக்கு லேஸ் மாத்திக்கிட்டு இருந்தாரு.

நீ வர்றதா இருந்தா பிப்ரவரில வாடா, ரேஸ் பாத்தாப்லயும் ஆச்சு. ஜாக்கெட் எதுவும் வாங்கித் தொலைக்காத, என்கிட்ட எக்ஸ்ட்ரா இருக்கு. விசாவுக்கு மட்டும் இப்பவே போட்டு வை, இன்டர்வியூ தேதி கிடைக்க ரொம்ப இழுக்குதாம். அப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு.

உன்
பழைய ரூம்மேட்