எங்க செஷன ஒருத்தர் உக்காந்து கேக்கணும்: மனநலத் திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சுகாதாரத்துறையில மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ட்ரெய்னிங் ஏற்பாடு பண்ற அதிகாரிகளுக்கும், டிஅடிக்ஷன் சென்டர் நடத்துறவங்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு மாவட்டத்துல குடிநோய் வார்டுல கவுன்சிலரா பதினோரு வருஷமா வேலை பாக்குறேன். பேரும் ஊரும் போடல, ஏன்னா இது ஒரு ஆஸ்பத்திரி மேல குடுக்குற புகார் இல்ல, என்ன மாதிரி இந்த வேலைல இருக்கிற நிறைய பேருக்கு உள்ள பிரச்சனை.

நான் வேலைக்கு சேந்த புதுசுல நடந்தத சொல்றேன். ஒரு கொத்தனார், மூணாவது தடவையா அட்மிஷன், அவர் வீட்டம்மா பக்கத்துல அழுதுட்டு நிக்கிறாங்க. நான் லிவர் படத்த காட்டினேன், பொண்ணு படிப்ப சொன்னேன், "உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையா அண்ணே"ன்னு கேட்டேன், அவர் "எல்லாரும்தான் மேடம் குடிக்கிறாங்க"ன்னு சொல்லும்போதெல்லாம் நான் ஒரு பதில் வச்சிருந்தேன். அரைமணி நேரத்துல தலைய குனிஞ்சுக்கிட்டு "சரி மேடம், இனிமே தொடமாட்டேன்"னு சொன்னாரு. எனக்கு ஒரே சந்தோஷம், கேஸ் ஷீட்ல மோட்டிவேட்டட்னு எழுதி வச்சேன். டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு சாயங்காலமே குடிச்சிட்டு வந்துட்டாருன்னு அவங்க போன் பண்ணாங்க.

அந்த "சரி மேடம்"க்கு அர்த்தம் "போதும், என்ன விடுங்க"ங்கிறதுதான்னு எனக்குப் புரிய நாலஞ்சு வருஷம் ஆச்சு. நம்ம ஊர்ல பெரியவங்க, படிச்சவங்க, ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னா எதிர்த்துப் பேசமாட்டாங்க, மரியாதைக்கு தலையாட்டுவாங்க, அத நாம மனமாற்றம்னு எடுத்துக்கிறோம். கவுன்சிலிங்னாலே புத்திமதின்னுதான் ஊர்ல அர்த்தம், "இவனுக்கு நாலு வார்த்தை நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லுங்க"ன்னுதான் சொந்தக்காரங்களே கூட்டிட்டு வந்து விடுறாங்க, ஆனா அந்த நாலு வார்த்தைய அந்த மனுஷன் அம்மாகிட்ட, மாமனார்கிட்ட, மேஸ்திரிகிட்டன்னு ஆயிரம் தடவ கேட்டுட்டுத்தான் நம்மகிட்ட வந்து உக்காந்திருக்காரு.

இதுக்குத்தான் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்னு ஒரு முறை இருக்கு, எங்க ஆளுங்க சுருக்கமா எம்ஐன்னு சொல்வோம். வில்லியம் மில்லர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1983ல குடிநோயாளிகளோட எப்படிப் பேசணும்னு எழுதின ஒரு கட்டுரைல ஆரம்பிச்சது, அப்புறம் ஸ்டீபன் ரோல்னிக்கோட சேந்து 1991ல புத்தகமா வந்துச்சு. அது பொறந்த கதைய நீங்க கவனிக்கணும். மில்லர் நார்வேல பெர்கன் பக்கம் போயிருந்தப்போ அங்க இருந்த இளம் சைக்காலஜிஸ்ட்டுங்க முன்னாடி பேசிக் காட்டியிருக்காரு, அவங்க நடுவுல நிறுத்தி நிறுத்தி "இத ஏன் கேட்டீங்க, அத ஏன் கேக்கல"ன்னு கேக்க, அதுக்கு பதில் சொல்லிச் சொல்லித்தான் தான் என்ன பண்றோம்னு அவருக்கே தெளிவாச்சு. அந்த முறைய கண்டுபிடிச்ச ஆளுக்கே ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கேள்வி கேக்க வேண்டியிருந்துச்சு, எங்களுக்கு மட்டும் ரெண்டு நாள் பவர்பாயிண்ட் போதும்னு எப்படி முடிவு பண்றீங்க?

அடிப்படை விஷயம் கேக்க சுலபமாத்தான் இருக்கும். குடிக்கிற ஆளுக்குள்ள ரெண்டு குரல் இருக்கு, ஒண்ணு விடணும்ங்குது, ஒண்ணு வேணும்ங்குது. நாம "விடு விடு"ன்னு ஒரு பக்கம் நின்னா அவர் வேற வழியில்லாம மறுபக்கத்துக்கு வக்கீலா மாறிடுவாரு. அதனால நாம வாதாடக் கூடாது, கேட்டு, அவர் சொன்னத அவருக்கே திருப்பிச் சொல்லி, விடணும்ங்கிற குரல் அவர் வாயிலேயே வர வைக்கணும். (தினமும் நிறைய குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால டாக்டர் பார்த்து மருந்து குடுக்கிறதுதான் முதல்ல, பேச்சு அதுக்கு அப்புறம்.) 1993ல மில்லர் குழு பண்ண ஒரு ஆய்வுல, தெரபிஸ்ட் எவ்வளவுக்கு எவ்வளவு மல்லுக்கட்டினாங்களோ அவ்வளவுக்கு அந்த ஆளு ஒரு வருஷம் கழிச்சு அதிகமா குடிச்சிருந்தாருன்னு வந்துச்சு. இத படிச்ச அன்னிக்கு எனக்கு அந்த கொத்தனார் ஞாபகம்தான் வந்துச்சு, ராத்திரி தூங்கல.

நான் இது வரைக்கும் எம்ஐ பேர்ல மூணு ட்ரெய்னிங் போயிருக்கேன். மூணுலயும் நல்லா படிச்சவங்கதான் வந்து எடுத்தாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா மூணும் ஒரே மாதிரி, காலைல ரெஜிஸ்ட்ரேஷன், இங்கிலீஷ் ஸ்லைடு, ஒரு ரோல் ப்ளே, அதுவும் எண்பது பேர் இருக்கிற ஹால்ல ரெண்டு பேர் மேடையில பண்ணுவாங்க மத்தவங்க பாப்போம், கடைசில சர்டிபிகேட், குரூப் போட்டோ. திங்கக்கிழமை வார்டுக்கு வந்து உக்காந்தா பழைய வாய்தான். ஆனா எனக்குள்ள "எனக்கு எம்ஐ தெரியும்"னு ஒரு நம்பிக்கை வேற வந்திடுச்சு, அதுதான் ரொம்ப ஆபத்து. இதையும் மில்லர் குழுவே சோதிச்சு பாத்திருக்காங்க, 2001ல வந்த ஒரு ஆய்வுல ஒர்க்‌ஷாப் முடிச்சவங்க நாங்க நல்லா கத்துக்கிட்டோம்னு சொன்னாங்க, அவங்க செஷன ரெக்கார்ட் பண்ண டேப்ப போட்டுக் கேட்டா மாற்றம் கொஞ்சம்தான், எதிர்ல உக்காந்திருக்கிறவங்க பேச்சுல ஒரு வித்தியாசமும் இல்ல. 2004ல போதை சிகிச்சைல வேலை பாக்குற 140 பேர பிரிச்சு, சிலருக்கு ஒர்க்‌ஷாப் மட்டும், சிலருக்கு அதோட டேப் கேட்டு மார்க், சிலருக்கு போன்ல கோச்சிங்னு குடுத்து பாத்தாங்க. ஒர்க்‌ஷாப் மட்டும் போனவங்களுக்கு கத்துக்கிட்டது கரைஞ்சு போச்சு, மார்க்கோ கோச்சிங்கோ கிடைச்சவங்களுக்குத்தான் நின்னுச்சு.

எனக்கு அது அதிர்ஷ்டவசமா கிடைச்சுது. ஒரு சீனியர், ரிட்டயர் ஆனவங்க, என் செஷன நோயாளி சம்மதத்தோட ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டு வரச் சொன்னாங்க. இருபது நிமிஷத்த கேட்டுட்டு பேப்பர்ல கோடு கோடா போட்டு என்கிட்ட நீட்டினாங்க. கேள்வி முப்பத்தொண்ணு, அவர் சொன்னத திருப்பிச் சொன்னது ரெண்டு. ஒரு கேள்வி கேட்டா ஒரு தடவையாவது திருப்பிச் சொல்லியிருக்கணும், நல்லா பண்றவங்க ரெண்டு தடவ சொல்வாங்க, அதுதான் அளவு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அவங்க ஒண்ணும் திட்டல, "இந்த இடத்துல அவர் என்ன சொல்ல வந்தாரு?"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்படி ஆறு மாசத்துல அஞ்சு டேப். நான் மாறினது அதுலதான், மூணு சர்டிபிகேட்லயும் இல்ல.

அதுக்கு அப்புறம் ஒருத்தர், லோடு வண்டி ஓட்டுறவர், "என்னால முடியாது மேடம்"னு அடிச்சு சொல்றாரு. பழைய நானா இருந்தா "முடியும்ணே, மனசு வச்சா முடியும்"னு ஆரம்பிச்சிருப்பேன். அன்னிக்கு, "போன கார்த்திகைல மாலை போட்டிருந்தீங்களாமே, அந்த நாள் எல்லாம் எப்படி போச்சு?"ன்னு கேட்டேன். கழுத்துல மாலை கெடக்கும்போது எப்படி தொடுறதுன்னு ஆரம்பிச்சு, சாயங்காலம் ஆனா குளிச்சிட்டு பஜனைக்கு போயிடுவேன், தூக்கம் நல்லா வந்துச்சு, பாப்பா பக்கத்துல வந்து உக்காரும்னு அவரே சொல்லிட்டே போனாரு. "பாப்பா பக்கத்துல வந்தது உங்களுக்கு மனசுல நின்னிடுச்சு"ன்னு மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "அது மறுபடி வேணும் மேடம்"னாரு. இது "சரி மேடம்" இல்ல, கேட்டாலே வித்தியாசம் தெரியும், ஆனா அந்த வித்தியாசத்த காதுக்கு பழக்கணும், அத எந்த ஸ்லைடும் பழக்காது.

இதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் சரிப்படும்னு ஒரு மீட்டிங்ல சொன்னாங்க. கோவாவுல சங்காத்னு ஒரு தொண்டு அமைப்பு செஞ்சத பாருங்க, அங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த, அளவுக்கு மீறி குடிக்கிற ஆம்பளைங்களுக்கு, மனநலப் படிப்பே படிக்காத சாதாரண ஆளுங்க பயிற்சி எடுத்து இந்த முறைய அடிப்படையா வச்சு நாலு செஷன் வரைக்கும் பேசினாங்க. 2017ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, மூணு மாசத்துல குடி கட்டுக்குள்ள வந்தவங்க 36%, அந்த கவுன்சிலிங் கிடைக்காதவங்கள்ல 26%. நான் சொல்ல வர்றது, அந்த கவுன்சிலர்ங்க குழுவா உக்காந்து ஒருத்தர் டேப்ப இன்னொருத்தர் கேட்டு மார்க் போட்டுக்கிட்டாங்க, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெரிய டாக்டர் தேவைப்படல. ஆள் இல்ல, பட்ஜெட் இல்லன்னு நீங்க சொல்றதுக்கு இதுலயே பதில் இருக்கு.

அதனால கேக்குறது இதுதான். ஒரு ஹால்ல எண்பது பேர வேண்டாம், பதினஞ்சு பேர் போதும், எல்லாருக்கும் பேசிப் பழக நேரம் குடுங்க. அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு, ஒருத்தருக்கு மூணு நாலு டேப்பாவது யாராவது கேட்டு நிறை குறை சொல்ற மாதிரி பண்ணுங்க, பக்கத்து மாவட்டத்து நாலஞ்சு பேர ஒரு குழுவா போட்டா போதும், ஆனா அதுக்கு மாசம் அரை நாள டியூட்டியா எழுதிக் குடுக்கணும், லீவு போட்டு யாரும் வரமாட்டாங்க. ரெக்கார்டிங்க்கு நோயாளி எழுத்துல சம்மதம் குடுக்கணும், வேணாம்னா விட்டுடணும், கேட்டதும் அழிக்கணும், 2017 மனநலச் சட்டம் அவங்க ரகசியத்துக்கு குடுத்த உரிமைய நாம ட்ரெய்னிங் பேர்ல மீறக் கூடாது.

இன்னொண்ணு, தமிழ்ல குடுங்க. மொழிபெயர்ப்புத் தமிழ் வேண்டாம். "நீங்கள் உணர்வது போல் தெரிகிறது"ன்னு எந்த மேஸ்திரிகிட்டயும் பேச முடியாது. மதுரைல ஒரு மாதிரி, நெல்லைல ஒரு மாதிரி, கோயம்புத்தூர்ல ஒரு மாதிரி பேசுறோம், வயசுல பெரியவர் சொன்னத திருப்பிச் சொன்னா சில ஊர்ல கிண்டல் பண்றதா நெனச்சுக்குவாங்க, அதுக்கு எந்த குரல்ல, எந்த வார்த்தைல சொல்லணும்ங்கிறது வார்டுல இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். எங்க பேச்சுலயிருந்தே எடுத்து பாடம் பண்ணுங்க, நாங்க உக்காந்து எழுதித் தர்றோம்.

அடுத்த ட்ரெய்னிங் லெட்டர் வரும்போது அதுல சாப்பாடு, பயணப்படி வரிக்கு கீழ, டேப் யார் கேக்கப் போறாங்கன்னு ஒரு வரி இருக்கட்டும். முதல் டேப் என்னோடத அனுப்புறேன். அதுலயும் கேள்வி கூடத்தான் இருக்கும், கேட்டுட்டு சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு மாவட்ட குடிநோய் வார்டு கவுன்சிலர்