படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கும் ஐயர் வரட்டும்: திருமண்டலத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராயர் ஐயா அவர்களுக்கும் திருமண்டல நிர்வாகக் குழுவினருக்கும் ஸ்தோத்திரம்.

நெல்லைச் சீமையில், உங்கள் மேற்பார்வையில் உள்ள நம் திருமண்டலத்துச் சபைகளில், ஒரே குருவானவரின் பொறுப்பில் நாலு சபைகள் உள்ள ஒரு சேகரத்தைச் சேர்ந்தவன் நான். நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் குருவானவர்கள் வீடு சந்திப்பது குறைந்துபோனது பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியாகிவிட்டது, உங்களுக்கும் தெரியும். போன மாதம் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு மனது ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா 11 மாதம் படுக்கையில் இருந்தார்கள். ஓய்வுநாள் பாடசாலையில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு வந்துவிட்டால், ஐயர் நற்கருணையின் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவருவார் என்று விடிந்ததும் தலை சீவிவிடச் சொல்வார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து வைக்க வேண்டும். வெறும் வயிற்றோடுதான் நற்கருணை எடுப்பது அவர்கள் வழக்கம், அதனால் கஞ்சி கொடுத்தாலும் "ஐயர் வந்துட்டுப் போகட்டும்ல" என்று தள்ளிவிடுவார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் நான்தான் அந்தத் துணியை எடுத்து மடித்து வைப்பேன். 11 மாதத்தில் ஐயர் வந்தது இரண்டு தடவை. மற்ற ஒன்பது தடவையும் துணியை மடித்து வைத்தவன் நான்.

எங்கள் ஐயர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அடக்கத்துக்கு மறுநாள் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாலு சபை, கோயில் கட்டட வேலை, பள்ளிக்கூட வழக்கு, காணிக்கைக் கணக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் "எனக்கு முடியலன்னு சொல்ல எனக்கும் ஒரு ஆள் இல்ல, அண்ணாச்சி" என்றார். என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

வீட்டுக்கு யாருமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். திருமண்டலத் தேர்தல் சமயத்தில் ஒரே வாரத்தில் மூன்று அணியினர் வந்தார்கள். ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அம்மாவை ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போயிரலாமா?" என்று கேட்டார். ஓட்டுக்கு ஆட்டோ கிடைக்கிறது, நற்கருணைக்கு ஐயருக்கு அரைமணி நேரம் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, மன்னிக்க வேண்டும்.

ரோமாபுரிச் சபைக்கு நிருபம் எழுதியபோது அப்போஸ்தலன் பவுல் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் 20 பேருக்கு மேல் பேர் சொல்லி வாழ்த்துகிறார், ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். 1841இல் நம் சீமையின் இடையன்குடிக்கு ஊழியத்துக்கு வந்த மிஷனரி கால்டுவெல், இந்த ஜனங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சென்னையிலிருந்து நடந்தே வந்தவர். அப்படி வீடு வீடாக, ஆள் ஆளாக அறிந்து வளர்ந்த சபை ஐயா இது.

நான் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் இரண்டு சாயங்காலத்தை ஒவ்வொரு குருவானவருக்கும் வீடு சந்திப்புக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள், அந்த நேரத்தில் கமிட்டி, கட்டடம், கோர்ட்டு எதற்கும் அவரைக் கூப்பிடாதீர்கள். வழக்குக்கும் கட்டடத்துக்கும் தனியாக ஆள் போடலாமே, அதற்குப் படித்தவர்கள் நம் சபைகளில் இல்லையா? அப்புறம், மாறுதல் பற்றியோ கணக்கு பற்றியோ பேசாமல், சும்மா எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க நீங்களும் குருவானவர்களின் வீட்டுக்குப் போக வேண்டும். தன்னை விசாரிக்க ஆளில்லாதவர் எத்தனை நாளைக்குப் பிறரை விசாரிப்பார்?

எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் படுக்கையில் இருக்கிறார்கள். ஒருவர் அம்மாவோடு பாடகர் குழுவில் பாடியவர். போன ஞாயிறு போய்ப் பார்த்தேன், அவர்கள் வீட்டிலும் ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அந்த இரண்டு சாயங்காலத்தை அடுத்த மாதத்திலிருந்தாவது கொடுங்கள் ஐயா, தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் சபை மகன் ஒருவன்