ஹெடர் இல்லாமல் வரும் கோரிக்கைக்கு எந்தப் பதிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையச் சேவைகளின் பதிப்பு மாறும்போது, அவற்றை நம்பி ஓடும் பழைய மென்பொருள்கள் என்ன ஆகின்றன என்பது பொதுவெளியில் பேசப்படுவதில்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். நாங்கள் பயன்படுத்தும் வெளிச்சேவை ஒன்று, முன்னறிவிப்பின்றித் தன் பதிப்பை மாற்றி, அதுவரை ரூபாயில் அனுப்பிய தொகையைப் பைசாவில் அனுப்பத் தொடங்கியது. 450 ரூபாய் தவணை கட்டிய உறுப்பினரின் ரசீதில் 45,000 என்று அச்சானது. சர்வர் (சேவையை வழங்கும் கணினி) 200 என்ற வெற்றிக் குறியீட்டுடனேயே பதிலளித்ததால் எங்கள் நிரல் எதையும் சந்தேகிக்கவில்லை. மூன்று நாள் ரசீதுகளைக் கையால் திருத்தினோம்.

இதைத் தடுக்கும் வழி புதிதன்று. மென்பொருள்கள் தமக்குள் செய்தி பரிமாறுவதற்காக 2003-இல் வெளியான சோப் 1.2 வரையறை, பதிப்பு ஒத்துவராத செய்தியை ‘வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று மறுத்து, தான் ஏற்கும் பதிப்புகளை ‘அப்கிரேட்’ ஹெடரில் (செய்தியின் தலைப்பகுதிக் குறிப்பில்) பட்டியலிட இடம் தருகிறது. இணையவழித் தரவுப் பரிமாற்றத்துக்கான ஓடேட்டா வரையறையில், கிளையன்ட் (சேவையைக் கேட்கும் நிரல்) தனக்குப் புரியும் உச்சப் பதிப்பை ஒரு ஹெடரில் சொல்ல, சர்வர் தன் பதில் எந்தப் பதிப்பில் அமைந்தது என்பதை இன்னொரு ஹெடரில் கட்டாயம் சொல்ல வேண்டும். இவை நெறிமுறையின், அதாவது தொடர்பு விதிகளின், பதிப்புக்கானவை எனினும், தரவின் பதிப்புக்கும் இம்முறை பொருந்தும்.

சிக்கல், ஹெடரே அனுப்பாத கிளையன்டிடம்தான். அதற்குத் தான் அறிந்த உச்சப் பதிப்பையே சர்வர் தரலாம் என்றது ஓடேட்டாவின் 4.0 வரையறை. மேகக்கணினி மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கோ தான் ஆதரிப்பவற்றில் மிகப் பழைய பதிப்பைத் தருகிறது, ஆதரிக்காத பதிப்பைக் கேட்டால் 406 என்ற பிழைக் குறியீட்டுடன் மறுக்கிறது. பழைய பதிப்பைத் தரும் இந்த இரண்டாவது முறையே சரி என்பது என் உறுதியான கருத்து. ஹெடர் அனுப்பாத நிரல் பெரும்பாலும் பதிப்பு என்ற பேச்சு எழுவதற்கு முன்பே எழுதப்பட்டது. அதைத் திருத்த ஆள்கூட இல்லாமல் போயிருக்கலாம். பழையதை என்றென்றும் சுமக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, அது நிறுத்தப்படும் நாளை முன்கூட்டியே அறிவிக்க, 2019-இல் வரையறுக்கப்பட்ட ‘சன்செட்’ ஹெடர் இருக்கிறது.

ஆகவே, அரசுத் துறைகளும் வங்கிகளும் சேவைகளுக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில், பதிப்பு ஹெடர் இல்லாத கோரிக்கைக்கு எந்தப் பதிப்பில் பதில் தரப்படும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈரோடு