மொட்டைக் கடுதாசியும் நம்பத்தகுந்த வட்டாரங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் புனைபெயரில் எழுதுபவர்கள் சொல்வதெல்லாம் மொட்டைக் கடுதாசிக்குச் சமம், படிக்காமலே தள்ளிவிடலாம் என்று சென்ற இதழ்த் தலையங்கத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். சரி. அதே இதழின் அரசியல் பக்கத்தில் 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' மூன்று இடத்தில் பேசுகின்றன. அவர்களுடைய விலாசம் உங்களிடம் இருக்கும். எங்களிடம் இல்லையே?

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். காலாவதியான மருந்து இருப்பில் கிடப்பதைப் பற்றிப் பெயர், பதவியோடு ஒரு நாளிதழுக்கு எழுதினேன். கடிதம் அச்சாகவில்லை, மாற்றல் உத்தரவு மட்டும் வந்து சேர்ந்தது. ஜனங்கள் ஏன் பெயரை மறைக்கிறார்கள் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெயர் இருந்தால் மட்டும் நம்பிவிடலாமா? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு 'டாக்டர்' வந்தார். பட்டங்களே ஒரு வரி நீளம். வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் குடித்தால் சர்க்கரை மாத்திரையே வேண்டாமாம். சம்பந்தியம்மா மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். அப்புறம் காலில் வந்த புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்கு அலைந்தது நாங்கள்தான். பெயரே போடாத இன்னொருவர், உறைந்துபோன இன்சுலினை உருக்கிப் போடாதீர்கள், எறிந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். ஆதாரம் கேட்டேன். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படம் எடுத்து, அந்த வரிக்கு அடியில் கோடும் போட்டு அனுப்பினார்.

2003 ஈராக் போரின்போது பாக்தாதிலிருந்து சலாம் பாக்ஸ் என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தில் எழுதியது தங்களுக்குத் தெரியாததல்ல. உளவாளி என்றார்கள், அப்படி ஓர் ஆளே கிடையாது என்றார்கள். கடைசியில் பீட்டர் மாஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், அங்கே தனக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவரே அவர்தான் என்று எழுதினார். 2011இல் சிரியாவின் டமாஸ்கஸிலிருந்து இணையத்தில் எழுதுவதாகச் சொன்ன அமினா என்ற பெண்ணுக்கோ பெயர், படம், குடும்பக் கதை எல்லாம் இருந்தன. அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பெரிய பத்திரிகைகளே பதறின. அவளை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது. எழுதியவர் எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க ஆண். படம் லண்டனில் இருந்த வேறொரு பெண்ணுடையது.

நான் கேட்பது சின்ன விஷயம். இனி இணையத்திலிருந்து எதையாவது எடுத்துப் போட்டால், 'இணையத்தில் பரவும் தகவல்' என்று முடித்துவிடாமல், எந்தப் புனைபெயரில், எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஆள் முன்பு என்ன எழுதினார், தப்பைச் சுட்டினால் திருத்தினாரா என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். போன மாதம் குறுக்கெழுத்து விடைகளைப் போடாமல் விட்டீர்களே, அந்த இடம் இருக்கிறது.

பெயரும் விலாசமும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். மகன் அரசு வேலையில் இருக்கிறான், அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், கும்பகோணம்