கீறாதீர்கள், அதில் சீழ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளையின் கன்னத்திலோ தோள்பட்டைக்குக் கீழேயோ கெட்டியாக ஒரு கட்டி எழும்பினால், எங்கள் வேலூர்ப் பக்கத்தில் முதலில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்று போடுவார்கள். கரையவில்லை என்றால் ஆன்டிபயாடிக். அதற்கும் அடங்கவில்லை என்றால் கீறிவிடுவார்கள். உள்ளே சீழ் இருக்காது, ரத்தம்தான் வரும். கீறிய இடம் ஆறுவதற்கும் நாளாகும், தழும்பும் தங்கிவிடும்.

சீழ்க்கட்டி என்றால் தொட்டால் சுடும், விண்விண் என்று தெறிக்கும், சில நாளில் நடுவில் பழுத்து மெத்தென்று ஆகும். நாங்கள் சொல்லும் கட்டி பழுக்கவே பழுக்காது. விரலால் அழுத்தினால் தோலுக்கு அடியில் ரப்பர் தகடு வைத்ததுபோல இருக்கும். மேல்தோல் சாதாரணமாகவோ லேசாகச் சிவந்தோ தெரியும். வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். பிறகு கட்டி வற்றி, அந்த இடம் குழியாக உள்வாங்கும். கன்னம், மேற்கை, தொடை, பிட்டம் ஆகியவை இது அதிகம் வரும் இடங்கள்.

இது லூபஸ் பேனிகுலைட்டிஸ். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய், தோலடிக் கொழுப்பில் இறங்கும்போது வருவது. குழந்தைகளிடம் அரிது, அதனால்தான் யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை.

உறுதி செய்ய பயாப்சி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) வேண்டும், அதிலும் ஆழமான பயாப்சி. வட்டக் கருவியால் குத்தி எடுக்கும் 4 மி.மீ. பஞ்ச் பல நேரம் கொழுப்புவரை எட்டாது; 'குறிப்பிட்டு ஒன்றும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும். கத்தியால் ஆப்பு வடிவில், கொழுப்பும் சேர்ந்து வரும்படி எடுக்க வேண்டும். பயாப்சியே குழி விழச் செய்யலாம் என்பதால், மேற்கையிலும் ஒரு கட்டி இருக்கும்போது முகத்துக் கட்டியில் எடுக்கக் கூடாது. ஒரு துண்டு, வழக்கமாகத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போகட்டும். இம்யூனோஃபுளோரசென்ஸுக்கான (திசுவில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை) துண்டு அதில் விழுந்தால் வீண். அதை, அந்தச் சோதனைக்கென உள்ள மிஷெல் திரவத்தில் வைத்து அனுப்புங்கள். காசநோய், தொழுநோயில் வரும் அழற்சி ரியாக்‌ஷன், எல்லாவற்றுக்கும் மேலாகக் கொழுப்பில் வரும் டி-செல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய், இவை இல்லை என்று தெரிந்த பிறகே பெயர் சூட்ட வேண்டும். லிம்ஃபோமா இதே தோற்றத்தோடு வரும். சந்தேகம் தீராவிட்டால் மறுபடி பயாப்சி எடுக்கத் தயங்கக் கூடாது.

கூடவே லூபஸுக்கான ரத்தப் பரிசோதனைகளான ஏ.என்.ஏ., ஆன்டி-டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4, அவற்றோடு ரத்த அணுக்கள், சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு நோய் தோலோடு நின்றுவிடும். சிலருக்கு ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம்வரை போகும். கட்டி வற்றிவிட்டது என்று சிறுநீர்ப் பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

முதல் மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு 100 மி.கி., அதாவது 200 மி.கி. மாத்திரையில் பாதி, சாப்பாட்டோடு. பலன் தெரிய 2, 3 மாதம் பிடிக்கும். ஒரு மாதத்தில் 'கேட்கவில்லை' என்று பெற்றோர் நிறுத்திவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. தொடக்கத்திலேயே கண் பரிசோதனை அவசியம். நோய் கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் சேரும். கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது வேண்டாம், குழி இன்னும் ஆழமாகும்.

வெயில் இந்த நோயைக் கிளறும். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். காலை பிரேயரிலும் பி.டி. வகுப்பிலும் இந்தப் பிள்ளைகளை நிழலில் நிற்கவிடும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முழுக்கைச் சட்டை, தொப்பி, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். வெளியே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கட்டி மேல் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் கூடாது, அடிபட்ட இடத்தில் புதிதாக எழும்பலாம்.

குழி விழுந்த கன்னத்தை நிரப்பச் சிகிச்சை இருக்கிறது, ஆனால் நோய் நன்றாக அடங்கிய பிறகுதான். இன்னொன்று: ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை ஒன்றிரண்டை வீட்டிலுள்ள கைக்குழந்தை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

இப்படிக்கு,
தோல் மற்றும் குழந்தைகள் நல மருத்துவர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.