கவர்னர் ஓல்சன் ஒலித்தொடருக்குத் தோள் குடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். 1930-கள்ல அமெரிக்காவோட மினசோட்டா மாநிலத்துக்கு கவர்னரா இருந்த ஃபிளாய்ட் ஓல்சன் பத்தி தமிழ்ல நான் பண்ணிட்டு இருந்த ஒலித்தொடர் போன ஞாயித்துக்கிழமை எட்டாவது பாகத்தோட முடிஞ்சுது. குரல் மட்டும்தான் என்னோடது, மத்தபடி பாதிக்கு மேல மத்தவங்க உழைப்பு, அதை சொல்லாம விட்டா மனசு ஆறாது, அதான் இந்த மடல். சிலர் பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால யார் பேரும் போடல, படிச்சா அவங்கவங்களுக்குத் தெரியும்.

மொதல்ல எங்க அம்மா. முதல் பாகத்தை ஃபோன்ல படிச்சுக் காட்டினப்போ அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "கவர்னர்னா ராஜ்பவன்ல இருப்பாரே அவரா? அவரை யாருடா ஓட்டுப் போட்டு எடுக்கறாங்க?" அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் ஸ்கிரிப்டை முதல்ல இருந்து திருப்பி எழுதினேன். அமெரிக்காவுல கவர்னர் மேல இருந்து அனுப்பற ஆள் இல்ல, ஜனங்க ஓட்டுல வர்றவர், நம்ம முதலமைச்சர் மாதிரி. அது புரிஞ்சாதான் 1930 தேர்தல்ல ரெண்டு பெரிய கட்சியையும் தாண்டி ஒரு விவசாயி-தொழிலாளர் கட்சிக்காரர் ஜெயிச்சு, 39 வயசுல தலைநகர் செயின்ட் பால்ல போய் பதவியில உட்கார்ந்தது எவ்ளோ பெரிய சங்கதின்னு புரியும். நன்றிம்மா.

செயின்ட் பால் ஹிஸ்டரி சென்டர் லைப்ரரியில எனக்கு மைக்ரோஃபிலிம், அதாவது பழைய பேப்பரைப் படம் புடிச்சு வெச்ச சுருள், மாட்டக் கத்துக் குடுத்த அம்மணிக்கு அடுத்த நன்றி. பழைய பேப்பரை ஓட்டிட்டு வரும்போது என் கண்ணு தலைப்புச் செய்தியிலயே நின்னுட்டு இருந்துச்சு, அவங்கதான் கையை நீட்டி கடைசிப் பக்கத்தைக் காட்டி இதைப் படின்னாங்க. பொடி எழுத்துல வரிசையா ஷெரிஃப் ஏல அறிவிப்பு, அடமானக் கடனைக் கட்ட முடியாதவங்க சொத்தை அதிகாரி ஏலம் விடறது. நிலத்தோட அளவு, அடமானம் வெச்சவர் பேரு, பாக்கித் தொகை, ஏலத் தேதி, அவ்ளோதான், ஒரு குடும்பத்தோட வாழ்க்கையே ஒரு விரல்கடை இடத்துல முடிஞ்சு போச்சு. 1933 பிப்ரவரியில ஓல்சன் ஏலத்தையெல்லாம் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டாரு, அப்புறம் ஏப்ரல்ல சட்டசபை அதையே சட்டமாக்குச்சு. அந்த பக்கத்தைப் பார்க்காம இருந்திருந்தா இந்த ரெண்டு வரியை நான் வெறும் தகவலாத்தான் சொல்லிட்டுப் போயிருப்பேன்.

அந்த சட்டம் என்ன செஞ்சுதுன்னு எனக்குப் புரிய வெச்சது வக்கீல் நண்பர். நான் அது கடன் தள்ளுபடின்னே எழுதி வெச்சிருந்தேன், அவர் பொறுமையா உட்கார வெச்சு இல்லப்பா, தவணை நீட்டிப்புன்னு சொல்லிக் குடுத்தாரு. மினியாபொலிஸ்ல பிளெய்ஸ்டெல்னு ஒரு தம்பதி, 14 ரூம் வீடு, மூணு ரூம்ல அவங்க இருந்துட்டு மிச்சத்தை வாடகைக்கு விட்டு பொழைச்சவங்க. 1932 மே மாசம் வீடு ஏலம் போயிடுச்சு, மீட்க ஒரு வருஷம்தான் டைம். புது சட்டத்துல அவங்களுக்கு 1935 மே வரைக்கும் டைம் கெடச்சுது, ஆனா சும்மா இல்ல, மாசம் 40 டாலர் கட்டணும், அது வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் வட்டிக்கும் அசலுக்கும் போகும். கடன் குடுத்த கம்பெனி, ஒப்பந்தத்துல அரசு கை வைக்கக் கூடாதுன்னு அரசியல் சாசனமே சொல்லுதேன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1934 ஜனவரி 8-ல அஞ்சு நீதிபதி ஆதரவா, நாலு பேர் எதிரான்னு சட்டம் நின்னுச்சு. ஒரே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா? சார், அந்த நாலாவது பாகம் முழுக்க உங்களோடது.

அடுத்தது லாரி ஓட்டற தம்பி, இவன்தான் என்னை ரொம்ப சிரமப்படுத்தினது, அதுக்காகவே பெரிய நன்றி. 1934 மினியாபொலிஸ் லாரி ஸ்ட்ரைக்கு பத்தின பாகம் அது. ஜூலை 20, போலீஸ் சுட்டதுல 67 பேருக்குக் காயம், நிறைய பேருக்கு குண்டு பட்டது முதுகுல, ரெண்டு பேர் செத்துட்டாங்க. ஆறு நாள் கழிச்சு ஓல்சன் ராணுவச் சட்டம் போட்டு படையை இறக்கினாரு. நான் அவர் வந்து தொழிலாளிங்களைக் காப்பாத்தினார்னு ஒரே புகழ்ச்சியா பேசி ரெக்கார்டும் பண்ணிட்டேன். தம்பி கேட்டுட்டு, "அண்ணே, மிலிட்டரியே பர்மிட் குடுத்து லாரியை ஓட விட்டா ஸ்ட்ரைக் எப்படிண்ணே நிக்கும்?"னு கேட்டான். போய் திரும்பப் படிச்சா அதான் நடந்திருக்கு, பர்மிட் லாரிங்க ஓட ஓட தொழிலாளிங்க கொதிச்சுப் போயிருக்காங்க, ஆகஸ்ட் 1-ல படை சங்க ஆபீஸையே ரெய்டு பண்ணி தலைவர்களைப் பிடிச்சிருக்கு, ரெண்டு நாள் கழிச்சு முதலாளிங்க அமைப்பு ஆபீஸையும் ரெய்டு பண்ணிருக்கு. "நான் லிபரல் இல்ல, ராடிக்கல்"னு, அதாவது எல்லாத்தையும் அடியோட மாத்தணும்ங்கறவன்னு, அதே வருஷம் கட்சி மாநாட்டு மேடையில பேசின மனுஷன் ஓல்சன். கடைசியில சங்கம் ஜெயிச்சுது, அது உண்மைதான், ஆனா அந்த ஆகஸ்ட் மாசத்தை மறைச்சுட்டு ஓல்சனைப் பத்தி பேசறது தப்பு. ஆறாவது பாகத்தை முழுசா அழிச்சுட்டு மறுபடி பேசினேன், எனக்குப் பிடிச்ச பாகமும் அதுதான்.

எடிட் பண்ணிக் குடுத்த அக்காவுக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் ஃபைல் அனுப்பினதுக்கு மன்னிச்சுக்கோங்க. ஓல்சன் வளர்ந்த மினியாபொலிஸ் நார்த் சைடுல என்கூட நடந்து வந்த தோழிக்கும் நன்றி. யூதக் குடும்பங்க அவங்க மத வழக்கப்படி சனிக்கிழமை நெருப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு, சின்ன வயசுல ஓல்சன் போய் அவங்க அடுப்பைப் பத்த வெச்சுக் குடுத்து, அப்படியே அவங்க பேசற இத்திஷ் மொழி கத்துக்கிட்ட கதையை அந்தத் தெருவுல நின்னு கேட்டது மறக்காது.

கடைசியா எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர். அவங்க அப்பாவோட நிலம் அந்தத் தவணை நீட்டிப்புச் சட்டத்தாலதான் கையில நின்னுச்சு. ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து மாசாமாசம் பணம் கட்டின ரசீதுங்களை மேஜை மேல பரப்பினாரு, ஓரமெல்லாம் பழுப்பு, நடுவுல ஒரே மடிப்பு, எல்லாத்தையும் ஒரே மாதிரி மடிச்சு வெச்சிருக்காரு அந்த அப்பா. அமெரிக்க செனட் தேர்தலுக்கு நின்னுட்டு இருந்தப்பவே, 1936 ஆகஸ்ட் 22-ல, 44 வயசுல, ராச்செஸ்டர்ல புற்றுநோய்ல ஓல்சன் போயிட்டார்ங்கற செய்தி வந்த அன்னிக்கு அப்பா சாயங்காலம் வரைக்கும் வயல்ல இருந்து வீட்டுக்கே வரலயாம், தன்னோட அம்மா சொல்லித் தெரியும்னாரு பெரியவர்.

அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் எட்டாவது பாகத்தை முழுசா போடச் சொல்லி கேட்டாரு, ஓல்சன்ங்கற பேரு வர்றப்போ எல்லாம் தலையை ஆட்டினாரு. ரசீது எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்துட்டு, அதே மடிப்புல மடிச்சு டப்பாவுல வெச்சு போன வாரமே குடுத்துட்டேன் பெரியவரே, மூடி மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு, திறக்கறப்போ பாத்துத் திறங்க.