உயர் அளவுக் கதிர்வீச்சு: முடிந்த பிறகு வருபவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பரவிய புற்றுநோய்க்கான உயர் அளவுக் கதிர்வீச்சு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ‘ஐந்தே நாள், வலி இல்லை’ என்று முடிந்திருந்தது. கதிர் படும்போது வலிக்காது, உண்மைதான். ஆனால் பக்கவிளைவுகளில் பலவும் வாரங்கள், மாதங்கள் கழித்தே தலைகாட்டும். வழக்கமான முழுச் சிகிச்சையில் நாளொன்றுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றால், இம்முறையில் ஒரே அமர்வில் 10, 20 கிரே கூடக் கொடுக்கிறார்கள்.

எலும்புக்குக் கொடுத்தால் முதல் சில நாள்களில் வலி கூடலாம். நோய் முற்றிவிட்டதென்று பயந்து பாதியில் நிறுத்திவிட வேண்டாம். பெரும்பாலும் சில நாளில் தணியும். இதைத் தடுக்க டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தருவதுண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு அது சர்க்கரையை ஏற்றும் என்பதால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அதைவிடக் கவலைக்குரியது முதுகெலும்பு. கட்டி அரித்த எலும்பில் கட்டி செத்தாலும், புது எலும்பு ஊற மாதங்கள் ஆகும். அதற்குள் அது நொறுங்கிப்போகலாம். ஒரே அமர்வில் 20 கிரேக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது. எழும்போது திடீரென முதுகு வலித்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால் நடை திரும்பாமலே போகலாம்.

நுரையீரலில் கதிர் பட்டால் 1 முதல் 6 மாதத்துக்குள் வறட்டு இருமல், மூச்சிரைப்பு, லேசான காய்ச்சல் வரலாம். சளிக் காய்ச்சல் என்றெண்ணி ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்காது. இதற்கு மருந்து ஸ்டீராய்டு. அதையும் வாரக்கணக்கில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். சட்டென நிறுத்தினால் இரைப்பு திரும்பும். மூளையில் கதிர்பட்ட திசு ஓரிரு ஆண்டு கழித்தும் செத்துப்போகலாம். ஸ்கேனில் அது, கட்டி மறுபடி வளர்ந்ததுபோலவே தெரியும்.

2019இல் வெளியான சாபர்-காமெட் என்னும் மருத்துவ ஆய்வில், இச்சிகிச்சை பெற்ற 66 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்ந்தனர். ஆனால் அந்த 66 பேரில் 3 பேரின் மரணத்துக்குச் சிகிச்சையே காரணமாக இருக்கலாம் என்றும் பதிவானது. சிகிச்சையை மறுக்க இது காரணமல்ல. நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லியே ஆக வேண்டிய செய்தி.

எந்த இடம், ஓர் அமர்வுக்கு எத்தனை கிரே, எத்தனை அமர்வு, எந்தத் தேதி என்ற விவரம் அடங்கிய தாளைக் கேட்டு வாங்கி, எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள். குடலருகே கதிர் பட்டவருக்கு, ரத்தநாள வளர்ச்சியைத் தடுக்கும் புற்றுநோய் மருந்தைத் தொடங்கினால் குடலில் ஓட்டை விழும் ஆபத்து கூடும். தாளைப் பார்க்காமல் புது மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை.

இப்படிக்கு,
கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையினர்